கடைசிக் கட்டத்தில் ஓல்-இன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளி, பாலையூற்று, சீனக்குடா என்று திருகோணமலையில் எந்த வீட்டு விறாந்தையில் போக்கர் மேசை போட்டாலும், இரவு பத்து மணிக்குப் பிறகு கிளம்பும் சந்தேகங்கள் ஒன்றுதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைப் போட்டிருக்கிறோம். விளையாட்டு நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு தாள், நடுவில் பொதுவாக ஐந்து, பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லை), அதுவும் சுற்றுப்போட்டி. கையில் உள்ள சிப்ஸ் முழுவதையும் பந்தயம் வைப்பது ஓல்-இன், அதைத்தான் தள்ளுவது என்கிறோம்; தாளைக் கைவிடுவது மடிப்பது, மற்றவர் வைத்த அளவை வைத்துத் தொடர்வது கோல், அதற்கு மேல் ஏற்றுவது றெய்ஸ், நடுவில் சேரும் பந்தயம் பொட். வேறு எதுவும் சொல்லாத இடங்களில் மேசையில் 9 பேர், பிளைண்ட் (தாள் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடுவது, ஒன்று சின்னது, ஒன்று பெரியது) 1,000/2,000, பெரிய பிளைண்ட் போடுபவரே மேசை முழுவதற்கும் சேர்த்து 2,000 அன்டி (இன்னொரு கட்டாயப் பந்தயம்) போடுகிறார், 20 நிமிடத்துக்கு ஒரு தரம் பிளைண்ட் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பிபி, பிபி எண்டு எல்லாரும் கதைக்கிறீங்கள். அது என்ன கணக்கு?"

உங்கள் முன்னால் கிடக்கும் சிப்ஸைப் பெரிய பிளைண்டால் வகுத்தால் வருவது பிபி. 20,000 சிப்ஸ், பெரிய பிளைண்ட் 2,000 என்றால் 10 பிபி. பிளைண்ட் 100/200 ஆக இருந்தபோது இதே 20,000 நூறு பிபி. அப்போது நீங்கள் மேசையின் பணக்காரர். ஆகவே "என்னட்ட இருபதாயிரம் இருக்கு" என்ற பேச்சுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை.

தாள் போடுமுன் பொட்டில் கிடப்பது 1,000 + 2,000 + 2,000 = 5,000. அதாவது 2.5 பிபி. ஒரு சுற்று முழுக்க மடித்துக்கொண்டே இருந்தால் உங்கள் கையை விட்டுப் போவதும் இதே 2.5 பிபிதான். கீழே வரும் கணக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் எண்ணில் நிற்கின்றன.

"எத்தனை பிபிக்கு வந்தா ஓல்-இன் தவிர வேற வழி இல்லை?"

உங்களுக்கு முன்னால் எல்லோரும் மடித்துவிட்ட நிலையில், 10 பிபியும் அதற்குக் கீழும் என்றால் தள்ளு அல்லது மடி. 10 முதல் 15 வரை இடைவெளி: பின் இருக்கைகளிலிருந்து (முறை பிந்தி வரும் கதிரைகள்) தள்ளலாம், நல்ல கைக்குச் சின்ன றெய்ஸும் போடலாம். 15க்கு மேல் முதல் ஆளாக முழுவதையும் தள்ளுவது பெரும்பாலும் வீண். 2.5 பிபியை எடுக்க 20 பிபியை வைப்பது, ஒரே ஒரு நெத்தலிக்காகக் கரைவலை இழுப்பது போல.

மணிக்கூட்டையும் பாருங்கள். வீட்டு மேசையில் 20 நிமிடத்தில் எட்டுப் பத்துக் கைதான் நடக்கும். இப்போது 10 பிபி. அடுத்த கட்டம் 1,500/3,000. ஒரு தாளும் தொடாமலே உங்கள் 20,000 ஆறரை பிபி சொச்சமாகிவிடும். கட்டம் மாற மூன்று நிமிடம் இருக்கிறது என்றால் உங்களை 7 பிபிக்காரர் என்று நினைத்தே முடிவெடுங்கள்.

"நல்ல தாள் வரும்வரைக்கும் பொறுத்திருந்தா என்ன?"

இரண்டு தாள் சேர்மானங்கள் மொத்தம் 1,326. ஒரு குறிப்பிட்ட சோடிக்கு 6 வழி. ஏஸ் சோடி 221 கைக்கு ஒரு தரம் வரும். 10 சோடி முதல் ஏஸ் சோடி வரை ஐந்தும், ஏஸ்-கிங்கும் சேர்ந்தாலே 30 + 16 = 46 வழி; 29 கைக்கு ஒரு தரம். 29 கை என்றால் மூன்று சுற்றுக்கு மேல், ஏழரை பிபிக்கு மேல் செலவு, இடையில் பிளைண்ட் இரண்டு மூன்று தரம் ஏறியிருக்கும். காத்திருந்த கை வந்து சேரும்போது தள்ளுவதற்குச் சிப்ஸ் இருக்காது.

கடைசிக் கட்டத்தில் நாம் பார்க்கும் பிழைகளில் அதிகம் இதுதான். தவறான கைக்குத் தள்ளி வெளியேறுபவர்களை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். மடித்து மடித்துக் கரைந்தவரை யாரும் கவனிப்பதில்லை, அவரும் தன்னைக் கவனிப்பதில்லை.

"ஏன் முழுசையும் தள்ளோணும்? இரண்டரை பிபி போட்டுப் பாத்திட்டு, திருப்பி அடிச்சா மடிக்கலாம்தானே?"

10 பிபியில் அது கூடாத கணக்கு. 2.5 போடுகிறீர்கள், ஒருவர் 10 பிபியையும் தள்ளுகிறார். இப்போது பொட்டில் 2.5 + 2.5 + 10 = 15. நீங்கள் மேலும் போட வேண்டியது 7.5. மொத்தம் 22.5 ஆகும் பொட்டில் உங்களுக்கு வேண்டியது மூன்றில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பு. றெய்ஸ் போடக்கூடிய பெரும்பாலான கைகளுக்கு அது இருக்கும். ஆகவே மடிப்பதும் பிழை, கோல் பண்ணுவதும் இனிக்காது.

முதலிலேயே முழுவதையும் தள்ளியிருந்தால் அந்தச் சங்கடமான முடிவு எதிரியின் தலையில் விழுந்திருக்கும். அவர் மடிக்கக்கூடும் என்ற அந்த வாய்ப்புத்தான் தள்ளுபவரின் மூலதனம். கோல் பண்ணுபவருக்கு அது கிடையாது.

"கோல் வந்தாத் தோக்கிற கையை வச்சுத் தள்ளுறது விசர் வேலை இல்லையா?"

போட்டுப் பார்ப்போம். நீங்கள் பட்டனில் (பிளைண்ட்காரர்களுக்கு முந்திய கதிரை), 10 பிபி. மீதம் இருப்பது இரண்டு பிளைண்ட்காரர்கள் மட்டும். இருவரும் ஐந்தில் ஒரு கைக்குத்தான் கோல் பண்ணுவார்கள் என்று வையுங்கள். இருவரும் மடிக்கும் வாய்ப்பு 0.8 × 0.8 = 64 வீதம். அந்த 64 தடவையும் 2.5 பிபி உங்களுடையது.

மிச்சம் 36 தடவை கோல் வருகிறது. உங்கள் கை அப்போது பின்தங்கி நிற்கிறது, 35 வீதம்தான் வெல்லும். பொட் ஏறத்தாழ 21.5 பிபி. அதில் 35 வீதம் ஏழரை பிபி. நீங்கள் போட்டது 10. சராசரி நட்டம் இரண்டரைக்குச் சற்றுக் கீழ், 2.4 என்று எடுங்கள். கூட்டிப் பார்த்தால்: 0.64 × 2.5 = 1.6 வரவு, 0.36 × 2.4 = 0.86 செலவு. மிச்சம் 0.74 பிபி இலாபம், சிப்ஸில் 1,480. கோல் வந்தால் தோற்கும் கைதான், ஆனாலும் தள்ளுவது சரி.

இதே கையை முதல் இருக்கையிலிருந்து தள்ளினால் பின்னால் 8 பேர். இறுக்கமாக, எட்டில் ஒரு கைக்கும் குறைவாக, 12 வீதத்துக்கு மட்டும் கோல் பண்ணுபவர்களாக இருந்தாலும் 8 பேரும் மடிக்கும் வாய்ப்பு 36 வீதமே. வீதங்கள் அப்படியே தலைகீழாகின்றன. தாள் மாறவில்லை, கதிரை மட்டும் மாறியது.

"எந்தக் கதிரையில இருந்து எந்தத் தாளுக்குத் தள்ளலாம்? ஒரு பட்டியல் தாங்கோ."

10 பிபிக்கு, பரிசு வாசல் (இன்னும் ஒருவர் வெளியேறினால் மிஞ்சியவர்களுக்குப் பரிசு என்ற கட்டம்) இன்னும் தூரத்தில் இருக்கும்போது, மனதில் வைக்க இரண்டு எல்லைகள் போதும். முதல் இருக்கை: 5 சோடியும் மேலும், ஏஸ்-10உம் மேலும், ஒரே சின்னமாக இருந்தால் ஏஸ்-8உம் மேலும், கிங்-குயின், ஒரே சின்னத்தில் கிங்-10, குயின்-10, ஜாக்-10 வகையறா. எண்ணினால் 168 வழி, எட்டில் ஒரு கை. பட்டன்: எந்தச் சோடியும், எந்த ஏஸும், ஒரே சின்னத்தில் எந்தக் கிங்கும், கிங்-8உம் மேலும், குயின்-9உம் மேலும், ஜாக்-10, ஒரே சின்னத்தில் ஜாக்-9, அடுத்தடுத்து வரும் 7-6 முதல் 10-9 வரை. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இடையில் உள்ள இருக்கைகளுக்கு முதல் எல்லையிலிருந்து இரண்டாவதை நோக்கி ஒவ்வொரு கதிரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். 7 பிபி என்றால் எல்லாவற்றையும் இன்னும் ஒரு படி இளக்கலாம். 13 பிபி என்றால் ஒரு படி இறுக்குங்கள். 5 பேர் மேசையில் முதல் இருக்கை என்பது உண்மையில் 9 பேர் மேசையின் ஐந்தாவது இருக்கைதான்: பின்னால் எத்தனை பேர் என்பதே கேள்வி, முன்னால் எத்தனை பேர் மடித்தார்கள் என்பதல்ல.

"ஏஸ் ஒண்டு இருந்தாக் காணும்தானே?"

நூற்றுக்கு 15 கையில் ஓர் ஏஸாவது இருக்கும். அது வந்தவுடன் முதல் இருக்கையிலிருந்து தள்ளுபவர்கள் மேசைக்கு மூன்று பேராவது உண்டு. ஏஸ்-4 கிங்-குயினுக்கு எதிரே கொஞ்சம் முன்னால்தான், 56 வீதமளவில். சிக்கல் என்னவென்றால் 8 பேரைத் தாண்டிக் கோல் பண்ணுபவர் கிங்-குயினோடு வருவது குறைவு. ஏஸ்-கிங்கோடோ 9 சோடியோடோ வருவார். ஏஸ்-கிங்குக்கு எதிரே உங்கள் ஏஸுக்கு வேலையே இல்லை, 4 ஒன்றுதான் ஓடும்: நாலில் ஒரு பங்கு.

ஒரே சின்னத்து 8-7 பார்க்கச் சப்பை. ஆனால் ஏஸ்-கிங்குக்கு எதிரே அது 40 வீதம் அளவில் நிற்கும், இரண்டு தாளும் உயிரோடு இருப்பதால். பட்டனில் இரண்டும் தள்ளக்கூடியவை. முன் இருக்கையில் இரண்டும் மடிக்க வேண்டியவை. ஏஸ்-4ஐ மடிக்கத்தான் மனம் வராது.

"நான் முன்னூற்றி நாலு விளையாடி வளந்த ஆள். ஜாக்கும் 9உம் சேந்து வந்தாக் கை துடிக்குது."

துடிக்கத்தான் செய்யும். முன்னூற்றி நாலு சீட்டாட்டத்தில் புள்ளிகள் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, கிங் 3. அந்தப் பழக்கத்தில் கண் ஜாக்-9இல் நிற்கும், கிங்-8ஐத் தாண்டிப் போகும். இங்கே வரிசை ஏஸ், கிங், குயின், பிறகுதான் ஜாக். பட்டனிலும் சின்னப் பிளைண்டிலும் ஒரே சின்னத்து ஜாக்-9 பரவாயில்லை, மற்றபடி மடியுங்கள்.

இன்னொன்று: அங்கே எதிரே ஒரு சோடிக்காரர் இருந்து தாங்குவார், 160 கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கலாம். இங்கே ஆறுதலுக்கு ஒருவரும் இல்லை. ஆனால் அங்கே பழகிய ஒன்று இங்கே நன்றாக உதவும்: யார் துணிந்து கேட்பவர், யார் கையில் இருந்தும் கேட்காதவர் என்று ஆளை எடைபோடுவது.

"என்னட்ட 40 பிபி கிடக்கு. எனக்கேன் இந்தக் கணக்கு?"

பின்னால் இருப்பவர்களிடம் எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் பட்டனில் 40 பிபி, சின்னப் பிளைண்டில் 7, பெரிய பிளைண்டில் 9 என்றால் நீங்கள் பணயம் வைப்பது அதிகபட்சம் 9 தான். மீதி உங்களுக்கே திரும்பும். ஆகவே அது 9 பிபித் தள்ளல், மேலே சொன்ன பட்டன் எல்லை அப்படியே பொருந்தும். மாறாக, உங்களிடம் 9, பின்னால் ஒருவரிடம் 3 மட்டும் என்றால் அவர் மடிக்கவே மாட்டார் என்று வைத்துக் கையைச் சற்று இறுக்குங்கள். ஏன் என்பது 3 பிபிக் கேள்வியில் வருகிறது.

"எனக்கு முன்னால ஒராள் றெய்ஸ் பண்ணிட்டார். என்னட்ட 18 பிபி. மேலால தள்ளலாமா?"

15 முதல் 22 பிபிக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. ஆளைப் பார்த்துத்தான். அவர் 2.2 பிபிக்கு றெய்ஸ் பண்ணினார்; பொட்டில் இப்போது 4.7. நீங்கள் பட்டனிலிருந்து 18ஐயும் தள்ளுகிறீர்கள். கோல் வந்தால் உங்களுக்கு 35 வீதம் என்று வைத்தால், 38.5 பிபிப் பொட்டில் சராசரி நட்டம் நாலரை பிபி. நாலரையை இழப்பதும் 4.7ஐ எடுப்பதும் சமன்படும் இடம், அவர் சரிபாதித் தடவை மடிக்கும் இடம்.

நூற்றுக்கு 40 கைக்கு றெய்ஸ் பண்ணி, அதில் 12க்கு மட்டும் கோல் பண்ணுபவர் என்றால் 70 வீதம் மடிப்பார்: தள்ளுங்கள். நூற்றுக்கு 12 கைக்கு மட்டும் வாய் திறந்து, அதில் 8க்குக் கோல் பண்ணும் இறுக்கப் பேர்வழி என்றால் மூன்றில் ஒரு தடவைதான் மடிப்பார்: ஏஸ்-ஜாக்கைக்கூட விட்டுவிடுங்கள். இருவரும் போட்டது அதே 2.2 பிபிதான்.

இதற்கு நல்ல தாள்களில் ஒன்று ஒரே சின்னத்து ஏஸ்-5 வகையறா. உங்கள் கையில் ஓர் ஏஸ் இருந்தால் எதிரியிடம் ஏஸ் சோடி இருக்கும் வழி 6இலிருந்து 3ஆகவும், ஏஸ்-கிங் இருக்கும் வழி 16இலிருந்து 12ஆகவும் குறைகிறது.

"மற்றவர் தள்ளினா நான் எப்பக் கோல் பண்ணுறது?"

தள்ளும் பட்டியலைக் கோல் பண்ணப் பாவிக்காதீர்கள். இங்கே உங்களுக்கு மடிக்க வைக்கும் பலம் இல்லை, தாளின் பலம் மட்டுமே. சின்னப் பிளைண்ட் 8 பிபி, 16,000ஐத் தள்ளுகிறார். நீங்கள் பெரிய பிளைண்ட். அவர் 16,000, உங்கள் பிளைண்ட் 2,000, அன்டி 2,000: பொட்டில் 20,000. நீங்கள் போட வேண்டியது 14,000. 14ஐ 34ஆல் வகுத்தால் 41 வீதம். அவ்வளவு வெற்றி வாய்ப்பு உங்கள் கைக்கு இருக்க வேண்டும்.

இருக்கிறதா என்பதை முடிவு செய்வது அவர் என்னென்ன கைக்குத் தள்ளுவார் என்பது. பாதிக் கைக்குத் தள்ளுபவர் என்றால் எந்தச் சோடி, எந்த ஏஸ், எந்தக் கிங்கும் தாராளமாகத் தாங்கும். பத்தில் ஒரு கைக்கு மட்டும் தள்ளுபவர் என்றால் கிங்-9 மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும், 41ஐ எட்டாது. மேசையில் உட்கார்ந்து முழுக்கணக்கும் போட முடியாது. "இவர் இப்படித் தள்ளிக் கடைசியாக எதைக் காட்டினார்" என்ற ஒன்றையாவது ஞாபகம் வைத்திருங்கள்.

"3 பிபிதான் மிச்சம். இனி என்ன?"

பட்டனிலிருந்து 3 பிபியைத் தள்ளினால், பெரிய பிளைண்ட்காரர் 5.5 பிபிப் பொட்டுக்கு இன்னும் 2 பிபி போட்டால் போதும். 27 வீதம் இருந்தால் அவருக்குக் கட்டும். சின்னம் வேறான 7-2உம் ஏறக்குறைய அதைத் தொடும். ஆகவே அவர் மடிப்பார் என்ற நினைப்பை விடுங்கள். இரண்டு தாளில் ஒன்று உயரமாக, அல்லது சோடியாக இருக்கும் முதல் கைக்கு, பெரிய பிளைண்ட் உங்களிடம் வருமுன் வையுங்கள். வந்துவிட்டால் பிளைண்டும் அன்டியுமாக 2 பிபி தானாகப் போய்விடும், மிஞ்சுவது 1.

இந்த நிலைக்கு வராமலிருப்பதே வைத்தியம். 7 பிபியில் தள்ளியிருக்க வேண்டிய கை ஒன்றிரண்டு இதற்கு முன் கட்டாயம் வந்து போயிருக்கும்.

"ஏஸ் சோடி வந்தா மெதுவாப் போட்டு ஆளைப் பிடிக்கலாமோ?"

மற்ற எல்லாக் கைக்கும் தள்ளிவிட்டு, ஏஸுக்கு மட்டும் 2 பிபி போட்டால், ஒரு மாதமாக உங்களோடு விளையாடும் கூட்டத்துக்கு அது விளங்காமலா போகும்? 8 பிபிக்குக் கீழே ஏஸையும் மற்றக் கை போலவே தள்ளுங்கள். 12க்கு மேலே என்றால் ஏஸ் சோடிக்கும் வேறு சில கைகளுக்கும் சேர்த்துச் சின்ன றெய்ஸ் போடும் பழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

"நாலு பேர் மிஞ்சி மூண்டு பேருக்குத்தான் பரிசு. எல்லாரிட்டயும் ஒரே அளவு சிப்ஸ். ஒராள் தள்ள, நான் ஏஸ்-கிங்கை மடிச்சன். எல்லாரும் சிரிச்சாங்கள். பிழையா?"

சிரித்தவர்கள்தான் பிழை. மொத்தப் பரிசை 100 பங்கு என்று எடுத்து 50, 30, 20 என்று பிரிப்போம். நால்வரிடமும் சமமான சிப்ஸ் என்பதால் ஒவ்வொருவரின் பெறுமதி 25 பங்கு. நீங்கள் கோல் பண்ணி வென்றால் சிப்ஸ் இரட்டிப்பாகும். பெறுமதி இரட்டிப்பாகுமா? முதலிடம் பெறும் வாய்ப்பு 1/2, அதற்கு 25 பங்கு. இரண்டாமிடம் 1/3, அதற்கு 10. மூன்றாமிடம் 1/6, அதற்கு 3.33. மொத்தம் 38.33 மட்டுமே. தோற்றால் பூச்சியம்.

ஆக, 13.33ஐச் சம்பாதிக்க 25ஐப் பணயம் வைக்கிறீர்கள். 25ஐ 38.33ஆல் வகுத்தால் 65 வீதம்: அவ்வளவு வாய்ப்பு இருந்தால்தான் கோல். பொட்டில் கிடக்கும் பிளைண்ட் இதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் பெரிதாக மாற்றாது. எதிரி தாளைப் பார்க்காமலே தள்ளினாலும் சின்னம் வேறான ஏஸ்-கிங்குக்கு 65 வீதம்தான் வாய்ப்பு. அவரிடம் 9 சோடி இருந்தால் 45. மடித்தது சரி. அதே கையை முதல் ஆளாகத் தள்ளாமல் மடித்திருந்தால், அது வேறு கதை.

"அப்ப பரிசு வாசலில எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதா?"

கோல் பண்ணத்தான் 65 வீதம் வேண்டும், தள்ள அல்ல. எதிரே இருப்பவருக்கும் அந்தக் கயிறு கழுத்தில் இருப்பதால் அவர் வழக்கத்தைவிட அதிகம் மடிப்பார். முதலில் தள்ளுபவருக்கு அது கொண்டாட்டம். பெரிய சிப்ஸ்காரர் இந்த நேரத்தில் நடுத்தரச் சிப்ஸ்காரர்களை விடாமல் நெருக்க வேண்டும். சிப்ஸ் மிகக் குறைந்த ஆளை நெருக்குவதில் பயனில்லை. அவருக்கு இழக்க ஒன்றுமில்லை, எதற்கும் கோல் பண்ணுவார்.

நடுவில் இருப்பவரின் பாடுதான் பெரும்பாடு. மூலையில் ஒருவர் ஒரு பிபியோடு உட்கார்ந்திருக்கும்போது 12 பிபிக்காரர் பெரிய சிப்ஸ்காரரோடு மோதி வெளியேறினால் அது துணிச்சல் அல்ல. அந்த ஒரு பிபி அடுத்த சுற்றில் தானாக விழும்.

"முதல் பத்துப் பேருக்கும் ஒரே பரிசு எண்டா?"

பெரிய போட்டி ஒன்றுக்கு இடம் பிடிக்கும் தகுதிச் சுற்றுகள் இப்படித்தான். 11 பேர் மிஞ்ச, உங்களிடம் தாராளமாகச் சிப்ஸ் இருந்தால் ஏஸ் சோடியையும் மடிக்கலாம். முதலாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் கிடைப்பது ஒன்றே. ஏஸ் சோடி கிங் சோடியிடம் நூற்றுக்கு 18 தடவை தோற்கும்.

"மூண்டு பேர் ஓல்-இன். பொட்டை எப்பிடிப் பிரிக்கிறது?"

சின்னவரிலிருந்து தொடங்குங்கள். ஒருவரிடம் 6,000, அடுத்தவரிடம் 15,000, மூன்றாமவரிடம் 40,000. மூவரிடமும் 6,000 எடுத்து 18,000 பிரதான பொட். மடித்தவர்களின் பிளைண்டும் அன்டியும் இதில்தான் சேரும். அடுத்து, மிச்ச இருவரிடமும் 9,000 எடுத்து 18,000 பக்கப் பொட். மூன்றாமவரின் 25,000 உடனே அவர் கைக்குத் திரும்ப வேண்டும், அது பொட்டே அல்ல. முதலில் பக்கப் பொட்டைத் தீர்த்துவிட்டுப் பிரதான பொட்டுக்கு வாருங்கள். பந்தயம் முடிந்து ஒருவராவது ஓல்-இன் என்றால் எல்லோருடைய தாளும் உடனே நிமிர்ந்து கிடக்க வேண்டும்.

இருவர் ஒரே கையில் வெளியேறினால், அந்தக் கை தொடங்கும்போது அதிகச் சிப்ஸ் வைத்திருந்தவருக்கு மேலிடம். இந்த உதாரணத்தில் 15,000காரர்.

"ஒராள் அரைகுறையா ஓல்-இன் போனார். நான் திரும்ப ஏத்தலாமா?"

நீங்கள் 6,000க்கு ஏற்றினீர்கள். 2,000 பிளைண்டுக்கு மேல் அது 4,000 ஏற்றம். அடுத்தவர் 8,000க்கு ஓல்-இன்: ஏற்றம் 2,000 மட்டும், முழு ஏற்றம் ஆகாது. இன்னொருவர் 8,000ஐக் கோல் பண்ண, முறை உங்களிடம் திரும்புகிறது. 2,000 கூட்டிக் கோல் பண்ணலாம் அல்லது மடிக்கலாம், மறுபடி ஏற்ற முடியாது. அந்த ஓல்-இன் 10,000 ஆக இருந்திருந்தால் ஏற்றலாம்.

"ஓல்-இன் எண்டு சொல்லிற்று இருந்தன். தாள் போட்டவர் என்ர தாளையும் வாரிப் போட்டார். ஆற்ற பிழை?"

பெரும்பாலான மேசைகளில் உங்கள் பிழை. மடித்த தாள்களின் குப்பையில் கலந்து, எது உங்கள் தாள் என்று அடையாளம் காண முடியாவிட்டால் அந்தக் கை செத்தது. மேசைக் கரையில், தாள் போடுபவரின் கைக்கு எட்டிய கதிரையில் இருப்பவர்களுக்கே இது அடிக்கடி நடக்கும். தாள் மேல் ஒரு சிப்ஸ் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த விறாந்தையில் ஒரு சிப்ஸும் போதாது. கடற்கரைக் கூழாங்கல் ஒன்று நல்லது.

முறை வரும்போது வாயால் "ஓல்-இன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு சிப்ஸை நகர்த்துங்கள். சொன்ன சொல் உங்களைக் கட்டுப்படுத்தும். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் முதல் தள்ளலோடு நிறுத்தும்படி யாரும் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் செய்யுங்கள்: நல்ல கைக்கு மெதுவாகவும் மோசமான கைக்குப் படாரென்றும் தள்ளுபவரைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு போதும்.

"ரெண்டே பேர் மிஞ்சினா?"

பட்டனே சின்னப் பிளைண்ட், தாள் போட்டதும் அவரே முதலில் பேசுவார். 10 பிபியில் அவர் பாதிக்கு மேற்பட்ட கைகளுக்குத் தள்ளலாம்; எதிரே இருப்பவர் மூன்றில் ஒன்றுக்கு மேல் கோல் பண்ண வேண்டும். இரண்டாம் பரிசு ஏற்கெனவே இருவருக்கும் உறுதி, மிச்ச வித்தியாசம் முழுவதும் ஒருவருக்கே என்பதால் பரிசு வாசலில் பார்த்த 65 வீதக் கயிறு இங்கே இல்லை. சிப்ஸ் கணக்கு மட்டும் போதும். ஆனாலும் நாலு பேர் மேசையின் பயத்தை இங்கேயும் கொண்டுவந்து, கிங்-6ஐ மடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

"நேரம் போயிற்று, மூண்டு பேரும் சமாதானமாப் பிரிச்சுக்கொள்ளுவம் எண்டு சொல்லுறாங்கள். சிப்ஸ் அளவில பிரிச்சாச் சரிதானே?"

சரியில்லை. பரிசு 50, 30, 20. சிப்ஸ் 50 வீதம், 30 வீதம், 20 வீதம் என்று வையுங்கள். சிப்ஸ் அளவில் பிரித்தால் முன்னணிக்காரர் 50ஐயும் கொண்டு போவார். அது முதல் பரிசே. இன்னும் ஒரு கையும் வெல்லாமல். கடைசி ஆளுக்குக் கிடைப்பது 20, மூன்றாவதாக வெளியேறினாலும் கிடைக்கும் அதே 20. அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

ஏஸ்-கிங் கேள்வியில் செய்தது போல ஒவ்வொருவரும் முதல், இரண்டு, மூன்றாமிடம் பெறும் வாய்ப்பைப் பரிசால் பெருக்கிக் கூட்டினால் 38.4, 32.7, 28.9 என்று வருகிறது. முன்னணிக்காரர் இதைக் கேட்டு முகம் சுழித்தால் விளையாட்டைத் தொடருங்கள். பிளைண்ட் எப்படியும் அடுத்த கட்டத்தில் 1,500/3,000.